உங்களுக்குத் தெரியுமா? கைரவான் பள்ளியின் தேக்கு மிம்பர்

இமாம் ஏறி நின்று குத்பா ஓதும் மேடைதான் மிம்பர். இன்றுவரை நிலைத்திருக்கும் மிம்பர்களில் மிகப் பழமையானது துனிசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில், அக்லபி அரச மரபினரின் ஆட்சியில் செய்தது. மரமோ இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன தேக்கு! 300-க்கும் மேற்பட்ட செதுக்குப் பலகைகள். இப்போது கண்ணாடித் தடுப்புக்குள்.

கைரவான் ஊரை நிறுவியவர் உக்பா இப்னு நாஃபி, கி.பி. 670-இல். பள்ளிவாசலின் தொழுகைக் கூடத்துத் தூண்கள் பலவும் பழைய ரோமானிய, பைசாந்தியக் கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்தவை. ஸஃப்பில் நிற்கும்போது கண் அவற்றின் தலைப்பகுதிக்கே ஓடுகிறது. தக்பீர் கட்டும்வரை சிரமம்தான்.

எனக்குத் தூண்களைவிடப் பிடித்தது முற்றம். தரை லேசாகச் சரிந்திருக்கும். மழைநீர் பளிங்கு வடிகாலுக்கு வந்து, மண் தங்கித் தெளிந்தபின் நிலத்தடித் தொட்டிக்கு இறங்கும். ஒளு செய்ய ஒரு காலத்தில் அந்தத் தண்ணீர்தான். தொட்டியிலிருந்து நீர் இறைத்த கிணற்றின் பளிங்கு விளிம்பில் கயிறு அறுத்த பள்ளங்களைத் தடவிப் பார்க்கலாம்.

முஸ்லிம் அல்லாதவர்கள் தொழுகைக் கூடத்தை வாசலில் நின்றே பார்க்க வேண்டும். ஊர்ப் பலகாரம் மக்ரூத்துக்கு அந்தத் தடையெல்லாம் இல்லை: ரவைக்குள் பேரீச்சை வைத்துப் பொரித்துப் பாகில் ஊறப்போட்டது. இரண்டு துண்டிலேயே திகட்டிவிடும்.