கழிவென்று தள்ளப்பட்ட நுண்பைகள்

1983-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து விஞ்ஞானி ஹரால்டு சூர் ஹவுசெனும் அவருடைய குழுவினரும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க் கட்டிகளில் மனித பாப்பிலோமா வைரஸின் (எச்.பி.வி.) 16-ஆம் இனம் குடியிருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். அதே ஆண்டில், அந்த ஆராய்ச்சியோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாமல், கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன் அம்மையாரின் குழுவும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பிலிப் ஸ்டால் என்பவரின் குழுவும், முதிர்ச்சியடையும் தறுவாயிலுள்ள சிவப்பணுக்கள் தமக்கு இனி வேண்டாத ஒரு புரதத்தைச் சின்னஞ்சிறு பைகளில் அடைத்து வெளியே தள்ளுவதைக் கவனித்தன. வைரஸைக் கண்டவருக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. பைகளைப் பற்றிய சேதியோ, உயிரணு தன் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டுகிறது, அவ்வளவுதானே என்ற அலட்சியத்தில் நெடுங்காலம் கிடப்பில் கிடந்தது.

இந்தப் பைகள் பிறக்கும் விதம் விசித்திரமானது. உயிரணுவின் உட்புறத்தில் ஒரு பெரிய பைக்குள்ளே பல சிறு பைகள் உருவாகி நிறைந்திருக்க, அந்தப் பெரிய பை மெல்ல நகர்ந்து உயிரணுவின் எல்லைச் சவ்வோடு ஒட்டி வாய் திறந்ததும், சிறு பைகள் அத்தனையும் வெளியே சிதறி, ரத்தத்திலும் சிறுநீரிலும் உடலின் மற்றத் திரவங்களிலும் கலந்துவிடுகின்றன. ஒவ்வொன்றின் குறுக்களவும் 30 முதல் 150 நானோமீட்டர் வரைதான். சாதாரண நுண்பெருக்கியில் இவற்றின் உருவம் தெரியாது. ஜான்ஸ்டோன் 1987-இல் இவற்றுக்கு எக்ஸோசோம் என்ற பெயரை வழங்கினார். 2007-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இவற்றுக்குள் ஆர்.என்.ஏ. இருக்கிறதென்றும், ஓர் உயிரணு அனுப்பிய ஆர்.என்.ஏ.யைக் கொண்டு மற்றோர் உயிரணு புரதம் செய்துகொள்கிறதென்றும் நிரூபித்த பிறகே, குப்பையென்று தள்ளியது தபாலாக இருக்கக்கூடுமே என்ற எண்ணம் பரவலாயிற்று.

புற்றுநோய் உயிரணுக்களும் இப்படிப் பைகளை விடுக்கின்றன. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் விசேஷம் என்னவென்றால், இ-6, இ-7 என்னும் இரண்டு வைரஸ் புரதங்களே உயிரணுவின் கட்டுக்காவலைக் குலைத்து நோயை நடத்திச் செல்கின்றன என்பது ஐயமறத் தெரிந்த விஷயம். 1951-இல் பால்டிமோரில் இந்நோயால் மாண்ட ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் கட்டியிலிருந்து, அவருடைய அனுமதியைக் கேளாமலே எடுத்து வளர்க்கப்பட்டு, இன்றளவும் ஆய்வுக்கூடங்களில் பெருகிவரும் ஹீலா உயிரணுக்களில் அதே வைரஸின் 18-ஆம் இனம் இருக்கிறது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்து விஞ்ஞானிகள் இத்தகைய உயிரணுக்களில் இ-6, இ-7 இரண்டையும் அடக்கிப் பார்த்தபோது, அவை விடுக்கும் நுண்பைகளிலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் மிகச் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளின் விகிதமும் மாறிப்போயிற்று என்று 2015-இல் எழுதினார்கள். வைரஸ் உள்ளே செய்கிற அக்கிரமத்துக்கு வெளியே வரும் பை சாட்சி சொல்லுகிறது என்றுதானே இதற்கு அர்த்தம்?

அந்தச் சாட்சியத்தைக் கேட்கும் முயற்சிகள் சில நடந்திருக்கின்றன. 2014-இல் வெளிவந்த சீன ஆராய்ச்சி ஒன்றில், கர்ப்பப்பை வாயைக் கழுவி எடுத்த நீரிலிருந்து பைகளைப் பிரித்துப் பார்த்தபோது, மைக்ரோ ஆர்.என்.ஏ. 21, 146-ஏ ஆகிய இரண்டும் நோயாளிகளிடம் மிகுந்திருந்தன. 2019-இல் வந்த மற்றொன்று, ரத்தத்திலுள்ள பைகளைக் கொண்டே நோயையும் அதன் முன்நிலையையும் அடையாளம் காண முயன்றது. பிரித்தெடுக்கும் வேலை சாமானியமானதன்று: முதலில் மெதுவாகச் சுழற்றி உயிரணுக்களை அடியில் தங்கவிட்டு, பிறகு வேகத்தைக் கூட்டிச் சிதைவுகளை நீக்கி, கடைசியில் புவியீர்ப்பைப்போல் லட்சம் மடங்கு விசையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சுழற்றினால்தான், குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு படிவு மிஞ்சும்.

இவ்வளவு பிரயாசைப்பட்டு அனுமானிக்க வேண்டிய அவசியம் என்ன என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியை நான் அசட்டை செய்யமாட்டேன். வயிற்றின் ஆழத்தில் மறைந்திருக்கும் கணையத்தைப் பற்றி அறிய, ரத்தத்தில் மிதந்துவரும் அனுமானச் சான்று அருமருந்தாகலாம்; கர்ப்பப்பை வாயோ பிரத்தியட்சமாகவே பார்க்கக்கூடிய உறுப்பு. காடி போன்ற நீர்த்த அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்து அங்கே தடவி, ஒரு நிமிஷம் பொறுத்தால், மாறுதலடைந்த இடம் வெள்ளைத் திட்டாக எழுந்து தெரியும். அதைப் பார்த்துச் சொல்ல நுண்பெருக்கிகூட வேண்டியதில்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கி, பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரையிலான 31,343 பெண்களை இம்முறையில் சோதித்தார்கள். பரிசோதனைக்கென ஒதுக்கப்பட்ட கிராமங்களில், மற்றக் கிராமங்களை நோக்க, இந்நோய் 25 சதவிகிதமும் இதனால் நேரும் மரணம் 35 சதவிகிதமும் குறைந்ததென்று 2007-இல் லான்செட் சஞ்சிகையில் வெளியாயிற்று. காடி ஒரு கிண்ணமும் நல்ல விளக்கு ஒன்றும் சாதித்த காரியம் இது!

ஆகவே, நோய் இருக்கிறதா என்று கண்டுசொல்வது நுண்பையின் முதல் உத்தியோகமாக இராது என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய இடம் வேறு. உலக சுகாதார நிறுவனம் இப்போது முதன்மையாகப் பரிந்துரைக்கும் எச்.பி.வி. பரிசோதனை, வைரஸ் இருக்கிறதென்று சொல்லுமேயன்றி, அது என்ன செய்யப்போகிறதென்று சொல்லாது; தொற்று ஏற்பட்ட பெண்களில் பெரும்பாலோருக்கு ஓரிரண்டு ஆண்டுகளில் அது தானே மறைந்துவிடுகிறது. மறையாமல் தங்கி வேரூன்றப் போவது யாரிடம் என்பதை, இ-6, இ-7 புரதங்களின் வேலையால் மாறிப்போன பை முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமானால், வீண் பயத்திலிருந்தும் வீண் சிகிச்சையிலிருந்தும் எத்தனையோ பேர் தப்புவார்கள். சிகிச்சை முடிந்தவர்களுக்கு நோய் திரும்புகிறதா என்று பார்க்கவும், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியதா என்று அறியவும்கூட இது உதவக்கூடும்.

இடையூறுகளும் இல்லாமல் இல்லை. ரத்தத்தில் இந்தப் பைகளைவிடப் பல மடங்கு அதிகமாகக் கொழுப்புப் புரதத் துகள்கள் மிதப்பதால், எடுத்தது எது என்பதிலேயே சந்தேகம் எழுகிறது. ஒரு கூடம் சுழற்றிப் பிரிப்பதை மற்றொரு கூடம் வேறு உபாயத்தால் பிரிக்க, முடிவுகள் ஒத்துவருவதில்லை. இத்துறையினரின் சர்வதேசச் சங்கம் 2014-இல் வகுத்த விதிமுறைகளை 2018, 2023 என்று இரண்டு முறை திருத்தி எழுத நேர்ந்ததிலிருந்தே சங்கடம் விளங்கும்.

திண்டுக்கல் கணக்கில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. அழைக்கத் தகுந்த 49,311 பெண்களில் ஏறத்தாழ 18,000 பேர் சோதனைக்கு வரவேயில்லை. வந்தவர்களையும் மறுபடி வா என்று அழைத்தால், கூலி வேலையை விட்டு, பஸ் ஏறி, எத்தனை பேர் வருவார்கள்? பெண்களே வீட்டில் எடுத்துக்கொடுக்கும் மாதிரியில் வைரஸைச் சோதிக்கும் முறை இப்போது அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. நுண்பை ஆராய்ச்சியாளர்கள் ரத்தத்தைவிட்டு, அந்தச் சிறு குப்பியிலுள்ள அதே திரவத்திலிருந்து, ராட்சதச் சுழற்பொறி இல்லாமலே பைகளைப் பிரிக்கும் மார்க்கத்தைக் கண்டுபிடித்தால், வைரஸ் இருக்கிறதா என்ற முதல் கேள்விக்கும், அது என்ன செய்யப்போகிறது என்ற இரண்டாம் கேள்விக்கும் ஒரே குப்பியில் விடை கிடைத்துவிடும். கிராமத்துப் பெண்ணை இரண்டாம் முறை அழைக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இராது.