அடைக்கோழியின் 21 நாள் தவம்

பச்சைமலை அடிவாரத்திலுள்ள நம் துறையூர்ப் பகுதியில் கோழி மேயும் கொல்லைப்புறங்கள் ஏராளம். முட்டை விற்ற காசு அம்மாவின் சிறுவாட்டில் சேர்ந்து, நமக்கு நோட்டாகவும் பேனாவாகவும் திரும்பி வரும். எனவே, நன்றாக முட்டையிட்ட கோழி திடீரென நிறுத்திவிட்டுக் கூடையிலேயே உட்கார்ந்து, கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வந்தால் வீட்டில் கவலை பிறப்பது இயல்பே. அடை தெளியட்டும் என்று சிலர் அதைத் தண்ணீரில் முக்குவர். மூக்குத் துளையில் இறகைச் செருகுவோரும் உண்டு. நாங்களும் ஒருமுறை முக்கி எடுத்தவர்கள்தாம்!

இது நோயுமன்று, சோம்பலுமன்று. கோழியின் உடலில் புரோலாக்டின் என்னும் சுரப்புநீர் மிகுவதால் முட்டையிடுவது நின்று, அடைகாக்கும் உணர்வு எழுகிறது. அடிவயிற்று இறகுகள் உதிர்ந்து, வெறும் தோலின் சூடு முட்டைகளில் நேராகப் படுகிறது. மேற்கே நாமக்கல் பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகள் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், அடைகாக்கும் குணம் அவற்றிடம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. அவற்றின் முட்டைகளைப் பொரிக்க மின்சாரப் பொறி வேண்டும். அப்பொறி காக்கும் 37.5 பாகை வெப்பத்தையும், முட்டையைத் திருப்பும் வேலையையும் நம் நாட்டுக்கோழி தன் வயிற்றாலும் அலகாலும் செய்துவிடுகிறது.

அப்படியானால் நம் வேலை என்ன? காவல் காப்பதே.

எறும்பு அண்டாத அரையிருட்டு மூலையில், பழைய கூடையில் மணலும் வைக்கோலும் பரப்புவோம். ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகளாக, அதன் உடல் மூடும் அளவுக்கு 10 அல்லது 12 வைத்தால் போதும். இரவில் வைத்தால் கோழி அமைதியாக ஏற்கும். மற்றக் கோழிகளும் அதே கூடையில் வந்து முட்டையிடும். பிந்தி வந்த முட்டை பிந்தியே பொரியும். தாயோ முதற்குஞ்சுகளோடு எழுந்து போய்விடும். ஆகவே அடைவைத்த முட்டைகளில் பென்சிலால் குறியிட்டு, புதியவற்றை அன்றாடம் எடுத்துவிட வேண்டும்.

நாளுக்கு ஒருமுறை கோழி இறங்கித் தின்று, நீர் குடித்து, சாம்பலில் புரண்டு வரட்டும். பேன் தொல்லை குறையும். இறங்க மறுத்தால் மெல்லத் தூக்கித் தீனியருகே விடலாம். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், கருவுற்ற முட்டையில் சிலந்திபோல் இரத்த நாளங்கள் தெரியும். தெளிவாக இருப்பது கூமுட்டை.

21-ஆம் நாள் ஓட்டில் சிறு துளை விழும். இங்கேதான் நாங்கள் பெரும்பிழை செய்தோம். குஞ்சு திணறுகிறதென்று எண்ணி ஓட்டை உரித்தோம், இரத்தம் கசிந்தது, குஞ்சு பிழைக்கவில்லை. துளையிட்ட பிறகும் உட்சவ்வின் இரத்தம் வற்றி, மஞ்சட்கரு வயிற்றுக்குள் முழுதும் சேர ஒரு நாள்கூட ஆகலாம் என்பதைப் பிறகே அறிந்தோம். அந்த மஞ்சட்கருதான் குஞ்சுக்கு முதலிரண்டு நாள் உணவு.

பிறகு தாயையும் குஞ்சுகளையும் மற்றக் கோழிகள் கொத்தாதபடி சில நாள் பஞ்சாரத்தில் அடைப்போம். நொய்யும், கூழாங்கல் இட்ட ஆழமற்ற தட்டில் நீரும் வைப்போம். பழம்பானையில் சாணமும் கந்தல் சாக்கும் இட்டு, நீர் தெளித்து, மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் கறையான் கிடைக்கும். குஞ்சுகளுக்கு அதுவே விருந்து. ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போடுவது அவசியம். பருந்து நிழலாடினால் ஒரே குரலில் குஞ்சுகள் அனைத்தும் தாயின் சிறகடியில் ஒடுங்கும். எருசலேமுக்காக வருந்திய ஆண்டவர் தம்மை இக்காட்சிக்கு ஒப்பிட்டதை நாம் அறிவோம்.

குஞ்சு வேண்டாதபோதும் கோழியை வதைக்க வேண்டியதில்லை. வைக்கோல் இல்லாத, அடிப்புறம் காற்றோடும் கம்பிக்கூண்டில் தீனியும் நீருமாகச் சில நாள் விட்டால் வயிறு குளிர்ந்து அடை தானே தெளியும்.

தோழியரே, உங்கள் வீட்டுக் கோழி அடுத்த முறை சீறினால் தண்ணீர் வாளியைத் தேடாதீர்கள். ஒரு கூடையைத் தேடுங்கள். முட்டைக் காசு சில வாரம் தாமதிக்கும். ஆனால் கொல்லையில் புதிதாக ஒரு மந்தையே மேயும்.