வயலுக்கு மேலே தண்ணீர்

கொரியத் தொடர் பார்த்தே நம் பிள்ளைகள் ‘அன்யோங்’ சொல்லப் பழகிவிட்டார்கள். அந்த நாட்டுப் பட்டிக்காட்டிலிருந்து ஒரே ஓர் எழுத்தை மட்டும் இங்கே பார்ப்போம். அதன் பெயர் ‘தாப்’. மேலே தண்ணீரைக் குறிக்கும் எழுத்து, கீழே வயலைக் குறிக்கும் எழுத்து. பொருள், நஞ்சை. உறுப்புகள் இரண்டும் சீனத்துச் சரக்கு; கட்டிச் சேர்த்த கை கொரியருடையது.

சீனத்தில் வயலுக்கான எழுத்து எல்லா நிலத்துக்கும் பொது. நஞ்சை என்று சொல்ல, தண்ணீரை முன்னால் வைத்து இரண்டெழுத்தாக எழுதுவார்கள். வரி கட்டுகிறவனுக்கு நஞ்சையும் புஞ்சையும் ஒன்றாகுமா? கொரியர் தண்ணீரை வயலின் தலையில் ஏற்றி நஞ்சைக்குத் தனியெழுத்து கண்டார்கள். பழையதைப் புஞ்சைக்கு விட்டார்கள். ஜப்பானியர் செய்தது நேர் எதிர். பழைய எழுத்து அங்கே நஞ்சைக்கு. புஞ்சைக்கு வயலோடு நெருப்பைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பழைய கொரிய அரசான சில்லாவின் மன்னன் ஜின்ஹுங் சாங்னியோங்கில் 561-இல் நிறுத்திய கல்லிலேயே தாப் இருக்கிறது. மேலிருந்து கீழாக எழுதியதில் இரண்டெழுத்தும் நெருங்கி ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான் என்பாரும் உண்டு. இருக்கட்டும், ஒட்டியது 1,400 ஆண்டுகளாகப் பிரியவில்லையே! மழையை நம்பிய நெல்வயல் ‘சொன்சுதாப்’: வானத்து நீர் நஞ்சை. வீட்டு வாசலுக்கு எதிரே செழித்துக் கிடப்பது ‘முன்ஜொன் ஒக்தாப்’. குடியானவனின் பயமும் பெருமையும் இந்த இரண்டு சொற்களில் அடங்கிவிடும்.

என் கவலை இனிமேல்தான். 1970 முதல் தென்கொரியப் பாடநூல்கள் கொரியரின் சொந்த ஒலியெழுத்தான ஹங்குலுக்கு மாறின. தாப் போன்ற சீனவழி எழுத்துகளான ஹன்ஜா தனிப்பாடமாக ஒதுங்கியது. ஹங்குல் ஏழைக்கும் எழுத்தறிவு தந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஹங்குலில் ‘தாப்’ என்று எழுதினால் ‘விடை’க்கும் அதே எழுத்து, அதே ஒலி. இடம்பார்த்துப் புரிந்துகொள்ளலாம்தான். புரியும், கண்ணுக்குத் தெரியுமா? முன்பு அந்த எழுத்தைப் பார்த்தாலே வரப்புக்குள் தண்ணீர் நின்றது. இன்று தாத்தாவின் நிலப் பதிவைப் பிரிக்கும் பேரனுக்கு முதலில் நினைவுக்கு வருவது தேர்வுத்தாளாகத்தான் இருக்கும்.

நிலப் பதிவேட்டின் 28 நிலவகைகளில் தாப் இன்னும் ஒன்று. அதற்குச் சட்டம் தரும் விளக்கம்: எப்போதும் நீரை நேரடியாகப் பயன்படுத்தி நெல், தாமரை போன்றவற்றை வளர்க்கும் நிலம். சில்லாவின் கல்தச்சன் இவ்வளவையும் ஒரே எழுத்தில் கொத்திவிட்டுப் போயிருக்கிறான்.