தாமிரபரணிக்குத் தெற்கே ஒரு பாலைவனம்

துபாய்க்கு வேலைக்குப் போன நம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் படங்களில் தவறாமல் ஒன்று இருக்கும். மணல்மேட்டில் ஒரு ஜீப், பின்னால் சாயும் சூரியன், 'டெசர்ட் சஃபாரி'. ராஜஸ்தானுக்கு டூர் போய் ஜெய்சல்மர் மணல்மேட்டில் ஒட்டகம் ஏறியவர்களும், ஆந்திராவில் பெண்ணாறு மலையை அறுத்துக்கொண்டு ஓடும் கண்டிக்கோட்டைப் பள்ளத்தைப் பார்க்கக் கார் எடுத்துக்கொண்டு போனவர்களும் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் உண்டு. இவர்களில் பலருக்குக் குலசாமி, தேரி என்று நாம் சொல்லும் செம்மணல் மேட்டில்தான் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு வேன் பிடித்துப் போவார்கள், பொங்கல் வைப்பார்கள், சாப்பிட்டுத் திரும்பிவிடுவார்கள். கோயிலுக்குப் பின்னால் கண் எட்டும்வரை சிவந்து கிடக்கும் மணலுக்குள் நூறடி நடந்து பார்த்தவர்கள் குறைவு.

பார்க்க ஒரு பகல் போதும். விடியற்காலையில் ஸ்ரீவைகுண்டத்தில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மணலில் கால் வைத்துவிடலாம். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்து அணைக்கட்டுதான். அதில் பிரிகிற தென்கால், கடம்பாகுளத்தையும் அதற்குக் கீழே உள்ள குளங்களையும் நிரப்பிக்கொண்டு திருச்செந்தூர்ப் பக்கம் போகிறது. ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று பாதை நெடுக வாழையும் நெல்லும். குரும்பூர் தாண்டி நாலுமாவடி, காயாமொழிப் பக்கம் திரும்பியதும் வயல் மறைந்து பனை வருகிறது. பனைக்கு அடியில் மண் சிவக்கிறது. கொஞ்ச தூரத்தில் மணல் சாலையோரம் வரை வந்து நிற்கிறது. ஆற்றுப் பாசனம் முடிந்து பாலை தொடங்க இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான்.

குதிரைமொழித் தேரி என்று இதற்குப் பெயர். சுமார் 12,000 ஏக்கர். இதைப் போல இன்னும் பல தேரிகள் சாத்தான்குளம், மெஞ்ஞானபுரம், குட்டம், இடையன்குடி எனக் கடலோரத்தை ஒட்டித் தெற்கே போகின்றன. ஆற்றுக்கு வடக்கே சாயர்புரத்திலும் ஒரு துண்டு இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் 'தமிழ்நாட்டின் சிவப்புப் பாலைவனம்' என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மழை பெய்யாத ஊரில் உண்டான பாலைவனம் அல்ல இது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை கொட்டத்தான் செய்கிறது. தேரியை உண்டாக்கியது காற்று.

தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. மழையை இழந்த காற்று மட்டும் செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுவதும் இதே காற்றுதான். மலையடிவாரத்துச் செம்மண்ணையும் வறண்ட ஓடைகளின் மணலையும் வாரிக் கடலை நோக்கிக் கொண்டுபோனது; எதிரே கடற்காற்று தடுத்த இடத்தில் மணல் குவிந்தது. இப்படிக் குவிந்த மேடுகளின் வயது பத்தாயிரம் ஆண்டுக் கணக்கில் வருகிறது என்று மணலின் காலத்தைக் கணித்த ஆய்வுகள் சொல்கின்றன. மணலோடு கலந்திருக்கும் இரும்புத்தாதுகள் மழையிலும் வெயிலிலும் சிதைந்து, ஒவ்வொரு பருக்கையின் மேலும் துருவாகப் படிந்ததால்தான் இந்தச் சிவப்பு. அள்ளிய கையில் நிறம் ஒட்டும். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள் சலவைக்காரரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்வது நல்லது.

தேரிக்குத் தனியாகப் போகக் கூடாது. பேய் பிசாசுக்காகச் சொல்லவில்லை. எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும். போன தடத்தைக் காற்று கொஞ்ச நேரத்தில் அழித்துவிடும். செல்போன் சிக்னல் வரும், போகும். உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வரவேண்டும். எனக்கு வழிகாட்டியாக வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பனையேறி அண்ணாச்சி. இப்போது மரம் ஏறுவதில்லை, முழங்கால் விட்டுவிட்டது. ஆனால் மணலில் அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

"குதிகால ஊனாதீய தம்பி. ஊனினா எறங்கும். முன்பாதத்த வச்சு நடங்க" என்றார். அதன் பிறகுதான் நடை பிடிபட்டது.

முதலில் உடைமரங்கள். குடை விரித்ததுபோல் உச்சி தட்டையாகப் படர்ந்த முள்மரம். வெள்ளாடுகளுக்கு இதன் நெற்றுதான் உயிர். இடையிடையே வனத்துறை நட்ட கொல்லாமரங்கள். மணலை ஓடவிடாமல் கட்டிப்போட வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இங்கே மரம் நட்டுவருகிறார்கள். அதற்கு முன்பு ஆனி, ஆடிக் காற்றில் மேடுகள் நகர்ந்து தோட்டங்களையும் பாதைகளையும் மூடிய கதைகள் உண்டு. 1841-இல் இடையன்குடிக்கு வந்து அரை நூற்றாண்டுக் காலம் வாழ்ந்த கால்டுவெல், இந்தச் செம்மணல் சீமையையும் பனையை நம்பிய அதன் வாழ்க்கையையும் பற்றி எழுதியிருக்கிறார். ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லைத் தமிழ்நாட்டுக்கே தெரியும். தேரி மணலில் ஊர் கட்டிய கால்டுவெல்லைத் தேரிக்காரர்களுக்குத்தான் தெரியும்.

ஓடைகள் அடுத்து வருகின்றன. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனை நினைத்துக்கொண்டு போனால் சிரிப்பு வரும். இங்கே பள்ளம் ஆள் உயரம். சில இடத்தில் இரண்டு ஆள். மேட்டில் விழுந்த மழை சரிவில் இறங்கும்போது மணலை அறுத்துக்கொண்டு போன தடங்கள் இவை. ஆனால் உள்ளே இறங்கி நின்றால் அளவு மறந்துபோகிறது. வெளியே மணல் பொலபொலவென்று இருக்க, ஓடையின் சுவர் மட்டும் செங்குத்தாக நிற்கிறது. துருவும் களியும் பருக்கைகளைப் பிடித்து வைத்திருக்கின்றன. சுவரில் மேலிருந்து கீழாகத் தண்ணீர் இறங்கிய வரிகள் தெரிகின்றன. விளிம்பில் ஒரு உடைமரத்தின் வேர் பாதி வெளியே தொங்குகிறது. அடியில் சிவப்புக்கு நடுவே கறுப்பு மணல் கோடு கோடாகப் படிந்திருக்கிறது. காந்தத் துண்டு ஒன்று கொண்டு போயிருந்தேன். அந்தக் கோட்டின் மேல் பிடித்ததும் கறுப்புத் துகள்கள் மீசை மயிர்போல் நிமிர்ந்து ஒட்டிக்கொண்டன.

"அந்தக் கறுப்புக்குத்தான் ஒரு காலத்துல டாடா கம்பெனிக்காரங்க வந்தாவ" என்றார் அண்ணாச்சி.

இல்மனைட், கார்னெட், சிர்கான் எல்லாம் இந்த மணலில் உண்டு. இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கலாம். பெயிண்டுக்கு வெள்ளை நிறம் கொடுப்பது அதுதான். சாத்தான்குளம் பக்கம் ஆலை அமைக்க டாடா ஸ்டீல் நிறுவனம் 2002-இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2007-இல் நிலம் வாங்கும் பேச்சு சூடுபிடித்ததும் ஊர்கள் எதிர்த்து எழுந்தன. அரசு திட்டத்தை நிறுத்தி வைத்தது. வேலைவாய்ப்பு போய்விட்டதே என்று இன்றைக்கும் அங்கலாய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் மணலை அள்ளிச் சலித்துத் திரும்பக் கொட்டினால் தேரி திரும்பி வராது.

தண்ணீரைப் பார்த்தால் அது விளங்கும். மேட்டில் குளம் கிடையாது, குட்டை கிடையாது. பெய்கிற மழையில் பெரும்பங்கை மணல் அப்படியே குடித்துவிடுகிறது. குடித்த தண்ணீர் மேட்டின் அடிவாரத்தில் கசிகிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. சுற்றிலும் வறண்ட செம்மணல், நடுவே பச்சை மரக்கூட்டம், சுனை. புத்தன்தருவை, வைரவன்தருவை முதலான தாழ்ந்த நீர்நிலைகளும் தேரிகளை ஒட்டித்தான் கிடக்கின்றன. சில கிலோமீட்டரில் கடலை வைத்துக்கொண்டு நல்ல தண்ணீர் கிடைப்பதென்றால், அதைப் பிடித்து வைத்திருக்கும் மணல்மேட்டைச் சரக்காகப் பார்க்க முடியுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர்; ஸ்ரீவைகுண்டத்தில் 60 சென்டிமீட்டருக்கு மேல். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொள்ள, நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது புதுக்குடி ஊர்க்காரர்கள். நாங்கள் நின்ற ஓடையின் ஒரு பக்கச் சுவரைக் காட்டி, அது அந்த மழையில் அறுத்தது என்றார் அண்ணாச்சி. பத்தாயிரம் ஆண்டு மணலில் நேற்றைக்கு விழுந்த கோடு.

இங்கே மனிதர்கள் நடமாடத் தொடங்கியதும் பழைய கதைதான். மெஞ்ஞானபுரம், சாயர்புரம் தேரிகளில் நகத்தளவு கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. புவியியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இவற்றைக் கவனித்தார். தொல்லியலாளர்கள் சோய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு தொல்லியலில் 'தேரிப் பண்பாடு' என்றே ஒரு பெயர் நிலைத்தது. கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே வையுங்கள். கிடந்த இடம் தெரியாவிட்டால் அது வெறும் கல்.

காயாமொழி அருகே தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில். கார்த்திகை முடிவில், டிசம்பர் நடுவில் இங்கே கள்ளர்வெட்டுத் திருவிழா. கோயிலுக்குப் பின்னால் தேரி மணலில் கள்ளனுக்குப் பதிலாக இளநீரை வெட்டுவார்கள். அந்த மணலை அள்ள ஜனம் முண்டியடிக்கும். வீட்டிலும் தோட்டத்திலும் போட்டால் நல்லது என்று நம்பிக்கை. இதே வட்டாரத்தின் மறுகோடியில், ஸ்ரீவைகுண்டத்தில், காலதூஷகன் என்ற திருடனுக்காகப் பெருமாளே திருடன் வேடத்தில் அரசன் முன் போய் நின்றார் என்று தலபுராணம். உற்சவருக்குக் கள்ளபிரான் என்றே பெயர். ஆற்றங்கரையில் கள்ளனுக்குக் கருணை, தேரியில் வெட்டு. நீர் உள்ள ஊருக்கும் இல்லாத ஊருக்கும் நியாயம் வேறுபடும் என்று எனக்குத் தோன்றியது. அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. "சாமி ஒண்ணுதான் தம்பி, களவு போன பொருள்தான் வேற" என்றார்.

இப்போது இன்ஸ்டாகிராம் தேரியைக் கண்டுபிடித்துவிட்டது. கல்யாண ஃபோட்டோஷூட்டுக்குக் கார்கள் வருகின்றன. பக்கத்தில் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டியிருக்கிறார். நாளைக்கு வேடிக்கை பார்க்கும் கூட்டம் பெருகும். மணலில் ஓட்டும் மோட்டார் வண்டியும் கூடாரமும் கேம்ப்ஃபயரும் பின்னாலேயே வரும். விசாகப்பட்டினத்துக்கும் பீமுனிப்பட்டினத்துக்கும் நடுவே எர்ர மட்டி திப்பலு என்று இதே மாதிரி சிவப்பு மணல் ஓடைகள் இருக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. தமிழ்நாட்டில் பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை பள்ளங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. தேரி இல்லை. குதிரைமொழித் தேரி காப்புக்காடாக இருப்பது ஒரு காவல்தான். ஆனால் இது என்ன, எப்படி உண்டாயிற்று, ஏன் மேலே வண்டி ஓட்டக் கூடாது என்று வருகிறவர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டாமா? காயாமொழியிலும் நாலுமாவடியிலும் மணலை அறிந்த பனையேறிகள் இருக்கிறார்கள். படித்துவிட்டு வேலை தேடும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வனத்துறை இவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்து, கால்நடையாக மட்டும் கூட்டிப்போகச் செய்யலாம். பெரிய முதலீடு எதுவும் தேவைப்படாத சுற்றுலா இது.

போக நினைப்பவர்களுக்கு: தை, மாசி நல்ல காலம். ஆனி, ஆடியில் மேல்காற்று மணலைக் கண்ணில் அறையும். சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். காலையில் ஏறிப் பதினொரு மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். சாயங்காலம் மறுபடி போகலாம். செருப்பைக் கழற்றாதீர்கள். தண்ணீர் வேண்டுமென்று நினைப்பதைவிட இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். காலி பாட்டில் உங்களோடு திரும்பி வரட்டும். ஓடைச் சுவரில் பெயர் கீறாதீர்கள், விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், அது சரியும். கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலியைக் குறையாமல் கொடுங்கள். வாங்க மறுத்தால், வருகிற வழியில் அவர் வீட்டுக் கருப்பட்டியில் ரெண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.