உங்களுக்குத் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகளின் கண் அழுத்தம்

கண்ணுக்குள் ஓயாமல் சுரந்து வடியும் தெளிந்த நீரே கண் அழுத்தத்தைத் தருகிறது. பிறந்த குழந்தைக்கு இது குறைவு. வளர வளரக் கூடி, ஏறத்தாழ 12 வயதில் பெரியவர்களின் அளவான 10–21 மி.மீ. பாதரசத்துக்கு வந்துவிடும். பரிசோதனையின்போது பிள்ளை அழுதாலோ இமையை இறுக்கினாலோ அளவு கூடுதலாகக் காட்டும். கருவிழி தடித்திருந்தாலும் அப்படியே.

சேலம், நாமக்கல் சமவெளியின் வெயிலிலும் புழுதியிலும் ஒவ்வாமையால் கண் சிவந்து, பிள்ளைகள் கசக்கிக்கொண்டே இருப்பதுண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து அரிப்பை விரைவில் அடக்கும்; ஆனால் வாரக்கணக்கில் விட்டால், சில பிள்ளைகளுக்கு வலியே தெரியாமல் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பைக் கெடுக்கும். அப்படி இழந்த பார்வை திரும்பாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் பிள்ளையின் கண்ணில் எந்தச் சொட்டு மருந்தும் விடாதீர்கள்.