உங்களுக்குத் தெரியுமா? குவாரிக் கழிவே பாதி சிமெண்ட்!

ஒரு மூட்டை சிமெண்டில் ஏறத்தாழ பாதியை, குவாரிகள் வேண்டாமென்று ஒதுக்கும் களிமண்ணாலும் சுண்ணாம்புக்கல்லாலும் நிரப்பலாம். அந்தச் சிமெண்டின் பெயர் எல்சி3.

● கலவை: கிளிங்கர் (சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுச் செய்யும் சிமெண்டின் மூலப்பொருள்) 50%, சுட்ட களிமண் 30%, சுண்ணாம்புக்கல் தூள் 15%, ஜிப்சம் 5%.

● பீங்கானுக்கு ஆகாது என்று கொட்டிவைத்த மட்டரகக் களிமண்ணே போதும்; அதில் கயோலினைட் என்னும் தாது 40% இருந்தால் சரி. கிளிங்கருக்குச் சூளை 1,450 டிகிரி செல்சியஸில் எரியவேண்டும். களிமண்ணுக்குச் சுமார் 800 டிகிரி.

● பெரிய ஆதாயம் வேறு. சிமெண்ட் ஆலையின் கரியமில வாயுவில் பெரும்பகுதி எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல் வேகும்போது கல்லே கக்குவது. எல்சி3-இல் கிளிங்கர் குறைவு; சுண்ணாம்புக்கல் தூளை வேகவைக்காமல் அப்படியே அரைத்துச் சேர்க்கிறார்கள். வாயு 40% வரை குறைகிறது.

● சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு டெல்லி, சென்னை ஐஐடிகளும் உழைத்து உருவாக்கியது இது.

● களிமண்ணில் இரும்பு இருந்தால் சிமெண்ட் லேசாகச் சிவக்கும். பலம் குறையாது.