பெயர் எழுதாத குப்பை

மஞ்சள் பெயின்ட் அடித்த 200 லிட்டர் இரும்பு டிரம். அதைச் சுழல்மேடையில் ஏற்றிப் பொத்தானை அழுத்தினால், குயவர் சக்கரம் களைத்துப்போனது போல மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். எதிரே, ஈயக் கவசத்துக்குள் ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகம் பொருத்திய உணர்கருவி. திரவ நைட்ரஜன் ஊற்றி மைனஸ் 196 டிகிரியில் குளிர வைத்தால்தான் எங்கள் கருவி கண் திறக்கும். டிரம்முக்குள் இருப்பவை கதிரியக்கக் கறை படிந்த பழைய கையுறை, துடைத்த துணி, கழற்றிய வால்வு. திறந்து கிளறக் கூடாது. திறக்காமலேயே உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் எனக்குச் சோறு போட்டது இந்த வேலைதான்.

சேர்ந்த புதிதில் ஒருநாள், திரையில் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இருக்கும் இடத்தில் ஒரு கூம்பு எழுந்து நின்றது. அது சீசியம்-137இன் கைரேகை. தள்ளி 1173, 1332 என்று இரட்டைக் கூம்பு. அது கோபால்ட்-60. அறிக்கையை எழுதிப் பெருமையோடு எங்கள் சீனியரிடம் நீட்டினேன்.

“கருவி பார்த்ததை எழுதியிருக்கே, தம்பி. பார்க்காதது எங்கே?” என்றார்.

அவர் கேட்டது ஸ்ட்ரான்சியம்-90 பற்றி. அது காமா கதிரை வெளியிடுவதில்லை. அதன் பீட்டா கதிர் டிரம்மின் இரும்பைத் தாண்டி வராது. அதைப் பிடிக்க வேண்டுமானால் மாதிரி எடுத்து, அமிலத்தில் கரைத்து, ரசாயன முறையில் பிரித்து எண்ண வேண்டும். நாள் கணக்கில் ஆகும். எல்லா டிரம்முக்கும் இப்படிச் செய்ய முடியாது. அதனால் சில மாதிரிகளில் சீசியத்துக்கும் ஸ்ட்ரான்சியத்துக்கும் உள்ள விகிதத்தைக் கண்டுபிடித்து, சீசியத்தை அளந்து மற்றதைக் கணக்கிடுவோம். ஆனால் ஒரு குழாய்வழியில் கிடைத்த விகிதம் அடுத்த குழாய்வழிக்குப் பொருந்தாது. ஆகவே குப்பை எங்கே பிறந்தது என்ற பதிவு, கருவி காட்டும் எண்ணுக்குச் சமமாக முக்கியம்.

எதற்கு இத்தனை பாடு? குப்பை எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்வது, அதற்குள் என்ன, எவ்வளவு, எத்தனை காலம் என்ற மூன்று விடைகள்தான். தைராய்டு சிகிச்சைக்குப் பயன்படும் அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 80 நாள் பூட்டி வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சீசியம் பாதியாக 30 ஆண்டுகள் ஆகும். அதே அளவு குறைய 300 ஆண்டு காவல் வேண்டும். புளூட்டோனியம்-239க்கு அரை ஆயுளே 24,100 ஆண்டுகள். அதைக் காக்க எந்த அரசையும் நம்ப முடியாது. ஆழத்துப் பாறையைத்தான் நம்ப வேண்டும். பின்லாந்தில் பயன்படுத்திய அணு எரிபொருளுக்காக 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்திருப்பது இதனால்தான். வகை பிரிப்பதில் தவறினால், தேவையில்லாத இடத்தில் பணம் கொட்டுவோம். அல்லது நஞ்சைச் சாதாரணக் குப்பையோடு அனுப்பிவிடுவோம்.

ஓர் அணு உலையை மூடிப் பிரிக்கும்போது இதே கேள்வி சுவர்களிடமும் தரையிடமும் போகிறது. கான்கிரீட்டில் துளையிட்டு, உருளையாக ஒரு துண்டை உருவி எடுப்பார்கள். அதை வில்லை வில்லையாக அறுத்து, ஒவ்வொன்றையும் அளப்பார்கள். கறை எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால், அந்த ஆழத்துக்கு மட்டும் சுரண்டினால் போதும். மிச்சச் சுவர் சாதாரண இடிபாடு. அப்படி விடுவிக்க, சர்வதேச அணுசக்தி முகமை சீசியம்-137க்குச் சொல்லும் வரம்பு கிராமுக்கு 0.1 பெக்கரல். அதாவது, பத்து கிராம் பொருளில் நொடிக்கு ஓர் அணு சிதையும் அளவு.

இத்தனை சிறிய அளவைத் தேடும்போது இயற்கையும் குறுக்கே நிற்கும். சிமென்டிலும் ஜல்லியிலும் பொட்டாசியம்-40 உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் ஆதியிலிருந்தே இருக்கிறது. உலை கட்டுவதற்கு முன்பே அந்த இடத்து மண்ணை அளந்து வைத்திருந்தால்தான், எது மண்ணுடையது, எது நாம் போட்டது என்று பின்னாளில் பிரித்துச் சொல்ல முடியும்.

பதிவு தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டாம். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் கோபால்ட்-60 வைத்த ஆய்வுக் கருவி ஒன்று 1985க்குப் பிறகு பயன்படாமல் கிடந்தது. 2010 பிப்ரவரியில் அது பழைய இரும்போடு ஏலத்தில் போனது. டெல்லி மாயாபுரியில் ஒரு காயலான் கடையில் அதைப் பிரித்துப் போட்டார்கள். ஏப்ரலில், பழைய இரும்பு பிரித்துப் பிழைத்த ஒரு தொழிலாளி இறந்தார். பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். கோபால்ட்-60இன் அரை ஆயுள் ஐந்தேகால் ஆண்டு. வாங்கி நாற்பது ஆண்டு ஆன அந்தக் கருவியில், முதலில் இருந்ததில் நூறில் ஒரு பங்குகூட மீந்திருக்காது. அந்த மிச்சமே ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று. அதை அளக்கும் கருவி நாட்டில் இல்லாமல் இல்லை. உள்ளே இருப்பது இன்னது என்று அறிந்த ஓர் ஆள், ஏலத்தன்று அந்த இடத்தில் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதிவேடு மட்டும் போதாத இடமும் உண்டு. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைப் பாருங்கள். 2011இல் உருகிய மூன்று உலைகளுக்குள் ஏறத்தாழ 880 டன் எரிபொருள் இடிபாடு கிடக்கிறது. 2024 நவம்பரில், தூண்டில் போல நீளும் கருவியை இரண்டாம் உலைக்குள் விட்டு ஜப்பானியர்கள் வெளியே எடுத்தது 0.7 கிராம். ஒரு சிறு துண்டு. அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், எதனால் ஆனது, எவ்வளவு கெட்டியானது என்று பார்த்தார்கள். அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. நான் அதை மதிக்கிறேன். என்னவென்று தெரியாத பொருளை வெட்ட எந்தக் கருவி, சுமக்க எந்தப் பெட்டி, வைக்க எந்த இடம் என்று எவரும் திட்டமிட முடியாது. 880 டன்னை அகற்றும் வேலை அந்த 0.7 கிராமில்தான் தொடங்குகிறது.

இதைப் படிக்கும் பேராசிரியர்களிடமும், மருத்துவமனை, ஆலை நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் கிடங்கில், கதிரியக்கத்தைக் குறிக்கும் மூன்று இதழ்ச் சின்னம் ஒட்டிய பழைய கருவி இருக்கிறதா? அதை நகர்த்தாதீர்கள், ஏலத்தில் சேர்க்காதீர்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு உடனே எழுதுங்கள். பணி ஓய்வு பெறும் முன், உள்ளே என்ன, எவ்வளவு, எந்த ஆண்டு வாங்கியது என்று பதிவேட்டில் எழுதி, அடுத்து வருபவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுப் போங்கள். நம்மோடு நம் ஞாபகமும் ஓய்வு பெற்றுவிடும். டிரம்முக்குள் இருப்பது ஓய்வு பெறாது.